அடுத்தவர் ஃபோனில் உங்கள் அம்மாவின் குரல்

அம்மாவின் ஃபோனில் சிவப்பாக ஒரு கட்டம் இருக்கிறது. மேலே 'கோபம்' என்று எழுதியிருக்கும். அதை அமுக்கினால் அம்மாவின் குரல் வராது. ஒரு சின்னக் குழந்தை, "காக்கா, போ... போ காக்கா" என்று அதட்டும். அது யார் குழந்தை என்று நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தரம் கேட்டுவிட்டீர்கள். சின்ன வயதில் நான் பேசினதா என்று பெரியவள் கேட்டாள். அது நீயும் இல்லை, உன் தம்பியும் இல்லை. நேரில் சொல்ல உட்கார்ந்தால் எனக்குப் பாதியிலேயே பேச்சு வரமாட்டேன் என்கிறது. எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்.

அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தபோது நீ ஆறாவது படித்தாய், தம்பி இரண்டாவது. குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு வராது என்று டாக்டர் சொன்னார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அம்மாதான் டாக்டரைப் பார்த்து, "அப்பறம் புள்ளைங்கள எப்படி எழுப்பறது?" என்று கேட்டாள். அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது அதுதான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மா இருந்தார். ஆபரேஷனுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் உங்கள் குரலிலேயே வேண்டியதையெல்லாம் பேசி ஃபோனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கென்றே ஒரு ஆப் இருக்கிறது என்றார். கட்டம் கட்டமாகப் படம் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பேச்சைப் பதியலாம். பிறகு அந்தப் படத்தைத் தொட்டால் பேசும். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒருவர் தனியாளாகச் செய்த ஆப். ஃபோனில் இருக்கிற ஸ்டோரிலும் வாங்கலாம், அவரிடமே நேராகவும் வாங்கலாம், இரண்டும் ஒரே விலை என்று அவர் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

நான் அந்த நம்பருக்குப் பேசினேன். எடுத்தவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "ஏனுங்ணா, நேரா வாங்குனீங்கன்னா நான் ஒரு ஃபைல் அனுப்புவேனுங்க. அதைப் போட்டுட்டு, நானே உங்களைக் கூப்ட்டு ஒண்ணொண்ணா சொல்லிக் குடுத்துருவேன். காப்பி எடுத்து வெக்கறது வரைக்கும் கூடவே இருப்பேனுங்க."

அந்த மரியாதைதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஒரு மாதத்துக்கு முன்னால்தான் பேங்க்காரர்கள் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். தேன் மாதிரி பேசுவார்கள், ஒரு ஃபைல் அனுப்புவார்கள், தொட்டால் போச்சு, ஸ்டோரைத் தவிர வேறெங்கிருந்தும் எதையும் ஏற்றாதீர்கள் என்றார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டவன். அதனால், "அப்பறம் பேசறேங்க" என்று வைத்துவிட்டு, அந்த மனிதரின் நம்பரை பிளாக்கில் போட்டேன். ஸ்டோரில் வாங்கினேன். பெரிய இடம், பத்திரம் என்று நினைத்தேன். வேலைக்குப் போகிற வாலாஜாபாத் ரைஸ் மில்லில் எல்லாரிடமும் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு நாள் அம்மா பேசினாள். குரல் ஏற்கெனவே கரகரப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் குரல். தண்ணி வேணும், வலிக்குது, மாத்திரை கொடு என்று அவசியமானதாக நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நோவாளி பேச்சு மட்டும் எனக்கு இன்னாத்துக்கு? நான் தெனிக்கும் இன்னா பேசறேனோ அத்த போடுங்க."

அப்படித்தான் உங்கள் பெயர்களைச் சொல்லி எழுப்புவது, "சாப்ட வா, ஆறிப்போவுது", "பல்லு தேச்சியா", ஆட்டை விரட்டுவது, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவது, சமத்து என்று கொஞ்சுவது எல்லாம் ஏறின. கோபம் என்கிற கட்டத்தில், "போங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று என்னைத் திட்டிப் பதிந்தாள். பதிந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் சத்தமும் கடைசியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. எடுத்துவிடட்டுமா என்றேன். இருக்கட்டும் என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த ஃபோன்தான் அம்மாவின் வாய். காலையில் உங்கள் காதுக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்து அவள் எழுப்பியது தம்பிக்குக்கூட ஞாபகம் இருக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த ஃபோனை உத்திரமேரூர் கடைத்தெருவில் பாய் கடையில்தான் வாங்கினோம். புது ஃபோன் என்றால் முதலில் ஒரு மெயில் ஐடி கேட்கும். நமக்கெல்லாம் ஏது? பாய்தான் போட்டுத் தருவார். முதலில் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்றுதான் போட்டாராம். பாஸ்வேர்டை மறந்துவிட்டு ஆளாளுக்குத் திரும்பி வந்து நிற்கவே, எல்லாருக்கும் சேர்த்துக் கடை ஐடி ஒன்றையே போட ஆரம்பித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. நமக்கு நல்லது என்றுதான் செய்தார். நம்ம ஃபோனில் டிராக்டர் மேஸ்திரி, பூக்கடை அத்தை, சூளை முனுசாமி மாமா மாதிரி யார் யாரோ நம்பரெல்லாம் தானாக வந்து உட்கார்ந்திருந்ததே, நீகூட அதைப் படித்துப் படித்துச் சிரிப்பாயே. அது எப்படி வந்தது என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஃபோன் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் பம்ப் செட் தொட்டியில் துணி அலசக் குனிந்தபோது அம்மாவின் இடுப்பிலிருந்து ஃபோன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. அரிசியில் புதைத்து வைத்தோம். வெயிலில் வைத்தோம். உயிர் வரவில்லை. பாய் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். போர்டு போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும் என்றார்.

பரவாயில்லை, ஆப் ஸ்டோரில் வாங்கியதுதானே, புது ஃபோனில் வந்துவிடும் என்று தைரியமாக இருந்தேன். பாய் முகம் மாறினது அப்போதுதான். கடை ஐடி போன வாரம் லாக் ஆகிவிட்டதாம். திறக்க வேண்டுமானால் அவருடைய பழைய நம்பருக்கு ஓடிபி வர வேண்டும். அந்த நம்பரை அவர் விட்டு ஒரு வருடம் ஆகிறது. புது ஃபோனில் புது ஐடி போட்டு, அந்த ஆப்பைத் திரும்ப வாங்கிப் போட்டார். திறந்தது. கட்டம் எல்லாம் இருந்தது. படம் எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாக அமுக்கினேன். ஒன்றும் பேசவில்லை.

கடைசிக் கட்டம் வரைக்கும் அமுக்கினேன். பாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஸ்டோருக்கு எழுதிப் போட்டோம். அந்த ஐடிக்குச் சொந்தக்காரர் நீங்கள்தான் என்று நிரூபியுங்கள் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினால் அதே பதில், ஒரு எழுத்து மாறாமல். நான் வாங்கினது எனக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அந்த ஐடிக்குப் போயிருக்கிறது. அந்த ஐடி நான் இல்லை.

வெட்கத்தை விட்டு, பிளாக்கில் போட்ட நம்பரை எடுத்துக் கோயம்புத்தூர்க்காரருக்குப் பேசினேன். ஸ்டோரில் வாங்குகிறவர்கள் யார் என்றே தனக்குத் தெரியாது, குரல் எதுவும் தன்னிடம் வருவதில்லை, அந்தந்த ஃபோனோடு சரி என்றார். நேராக வாங்கியிருந்தால் காப்பி எடுத்து மெமரி கார்டில் வைக்கச் சொல்லியிருப்பேனே என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டார் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்பின் தெரியாத மனிதரிடம் அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா தம்பியின் பழைய நோட்டில், 'போனால் போகிறது, உயிர் இருக்கிறது' என்று எழுதிக் காட்டினாள். ஆனால் அன்றிலிருந்து ஃபோனைத் தொடவில்லை. கை தட்டித்தான் உங்களைக் கூப்பிட்டாள். காலையில் தோளைத் தட்டி எழுப்பினாள். தம்பி இரண்டு நாள், அம்மா கூப்பிட்டால்தான் எழுந்திருப்பேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தான். அம்மா பக்கத்திலேயே நின்றாள். நான் வெளியே போய்விட்டேன்.

இப்படியே நான்கு மாதம் போனது.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து, வாலாஜாபாத்தில் உத்திரமேரூர் பஸ் ஏறினேன். பின்னால் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பாலாற்றுப் பாலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்மாவின் குரல் கேட்டது. பெரியவளே, உன் பெயரைச் சொல்லி, "எழுந்திரு, மணி இன்னா ஆவுது பாரு, வேன் வந்துடும்" என்றது.

நான் எழுந்து நின்று பஸ்ஸில் அம்மாவைத் தேடினேன். உண்மையாகவே தேடினேன். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். அப்புறம்தான், அவளால் பேச முடியாதே என்று உறைத்தது. அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது, அதுதான் எனக்கு மட்டும் இப்படிக் கேட்கிறது என்று நினைத்தேன். மறுபடியும், "எழுந்திரு, மணி இன்னா ஆவுது பாரு." பக்கத்தில் இருந்த பெரியவரிடம், உங்களுக்குக் கேட்கிறதா என்றேன். கேக்குது, அதுக்கு இன்னா என்றார்.

கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனேன். மூன்றாவது சீட்டில் என் வயதுக்காரர் ஒருவர். மடியில் இரண்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. குழந்தை கையில் ஃபோன். ஃபோனில் அந்தக் கட்டங்கள். கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நான் பிடுங்கிவிட்டேன். குழந்தை வீரிட்டது. அந்த ஆள் என் சட்டையைப் பிடித்தார். கண்டக்டர் விசில் அடித்துக்கொண்டே வந்தார்.

"யோவ், செல்லு புடுங்கறதுக்கு உனக்கு வேற பஸ்ஸே கெடைக்கலையா?"

"அது என் சம்சாரம் பேசுதுங்க" என்றேன்.

"உன் சம்சாரம் ஏன்யா அவர் செல்லுல பேசுது?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த ஆளின் முகம் கறுத்துவிட்டது. அடி விழப்போகிறது என்று தெரிந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஃபோனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னேன்:

"அண்ணா, அந்தப் பொம்மைக்குப் பக்கத்துல நீலக் கட்டம் கீது பாருங்க. அத்த அமுக்குங்க. என் பையன் பேரு வரும்." அமுக்குவதற்கு முன்னாலேயே தம்பியின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

அவர் அமுக்கினார். அம்மா, தம்பியைக் கூப்பிட்டாள். பெயரைச் சொல்லி, அவனுக்கே உரிய செல்லப் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, உட்காருங்க என்றார்.

அந்த அண்ணன் திருமுக்கூடல்காரர். நெல் பயிர் வைக்கிறவர். அவரும் பாய் கடையில்தான் ஃபோன் வாங்கியிருக்கிறார். அம்மாவின் ஃபோன் தண்ணீரில் விழுவதற்கு ஒரு வாரம் முன்னால், கடை ஐடி லாக் ஆவதற்கு முந்தின நாள். பழையதெல்லாம் கொண்டு வரவா என்று ஃபோன் கேட்டதற்கு பாய் ஆமாம் என்று அமுக்க, அந்த ஐடியில் தானாகவே காப்பி ஏறியிருந்த அம்மா மொத்தமாக அவர் ஃபோனில் போய் இறங்கிவிட்டாள். "கம்பெனிக்காரனே போட்டு வுட்டதுன்னு நென்சிகினு இருந்தேன்" என்றார். நான், பாய், கோயம்புத்தூர்க்காரர் என்று மூன்று பேர் எவ்வளவோ யோசித்தோமே, அதே ஐடி இருக்கிற வேறு ஃபோனில் தேடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்கு மாதமாக அம்மா பக்கத்து ஊரில் பேசிக்கொண்டு இருந்திருக்கிறாள். இதை எழுதும்போதுகூட எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை.

அவரோடேயே திருமுக்கூடலில் இறங்கினேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கோயம்புத்தூருக்குப் பேசினேன். அந்த மனிதர் நான் சொன்னதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, எதையும் தொட வேண்டாம், ஐடியை மாற்ற வேண்டாம், ஆப்பை அழிக்க வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னார். ஸ்டோரில் இருக்கிற ஆப்பில் காப்பி எடுக்க வழி இல்லை. ஸ்டோரில் வாங்கினதன் மேலேயே ஏற்றிக் காப்பி எடுக்கிற வசதியைத் தான் நேராகக் கொடுக்கிறதில் புதிதாகச் சேர்த்திருப்பதாகவும், ஸ்டோரில் அதற்கு இன்னும் அனுமதி வரவில்லை என்றும் சொன்னார். பழையதன் மேலேயே அதை ஏற்றினால் குரல் அப்படியே இருக்கும், ஒரு கட்டம் விடாமல் எடுத்துவிடலாம்.

"அன்னிக்கு நீங்க அழுதீங்கல்லங்ணா. அதுக்கப்புறம் உக்காந்து செஞ்சதுங்க இது."

ஃபைல் வந்தது. திருமுக்கூடல் அண்ணன் ஃபோனில் அதைத் தொட்டதும் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்தது. இது ஆபத்தான ஃபைலாக இருக்கலாம் என்று. அவர் ஃபோனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டார்.

"வேணாம்பா. பேங்குல மீட்டிங் போட்டு சொல்லிகீறாங்க. தேனாட்டம் பேசுவான், ஃபைல் அனுப்புவான், தொட்டா போச்சுன்னு. உன்ன எனக்குத் தெரியாது. அவன யாருக்குமே தெரியாது."

நான் எந்தப் பயத்தில் அம்மாவின் குரலைத் தொலைத்தேனோ, அதே பயம், அதே வார்த்தை. அவர் சொல்வது தப்பு என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? அவருக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். நாளைக்கு உன் வூட்டுக்காரியை இட்டுகினு வா, எங்க வூட்லயும் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். குழந்தை கையில் மறுபடியும் அந்த ஃபோன். அந்தச் சின்ன விரல் எந்தக் கட்டத்தை அழிக்கப் போகிறதோ என்று, கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு நானும் அம்மாவும் போனோம். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தாள். வழி முழுக்க ஒன்றும் எழுதிக் காட்டவில்லை. அந்த வீட்டு அம்மா வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஃபோன்ல பேசற அக்கா நீங்கதானா? உங்க பேச்ச போட்டாதான் எங்க குட்டி வாயே தொறக்குது."

சோற்றுக் கிண்ணத்தோடு குழந்தை உட்கார்ந்திருந்தது. இவங்கதான் அந்த அத்தை, பேசுவாங்க பாரு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். குழந்தை அம்மாவின் வாயையே பார்த்தது. அம்மா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. குழந்தை இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அம்மா தரையில் கிடந்த ஃபோனை எடுத்து, தேடாமலேயே ஒரு கட்டத்தைத் தொட்டாள். "சாப்ட வா, ஆறிப்போவுது." குழந்தை ஃபோனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஆ என்று வாயைத் திறந்தது.

அந்த அண்ணன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "போடுப்பா அந்த ஃபைல" என்றார்.

கோயம்புத்தூர்க்காரர் ஃபோனில் கூடவே இருந்தார், முதல் நாள் சொன்ன மாதிரியே. காப்பி எடுத்து, அம்மாவின் ஃபோனில் ஏற்றி, ஒவ்வொரு கட்டமாகச் சரி பார்த்தோம். உங்கள் பெயர்கள் இருந்தன. பல்லு தேச்சியா இருந்தது. ஆட்டை விரட்டுகிறது இருந்தது. கோபம் கட்டத்தை அமுக்கியபோதுதான், "காக்கா, போ" என்று வந்தது. குழந்தை எப்போதோ பதிவுப் பொத்தானை அமுக்கி, அம்மா பேசினதற்கு மேலேயே பேசிவிட்டிருக்கிறது. என்னைத் திட்டினது போய்விட்டது. அதன் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சிரிப்பும் போய்விட்டது. அம்மா சிரிக்கிற சத்தம் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது.

அந்த வீட்டு அம்மாவுக்கு முகமே செத்துப்போய்விட்டது. குழந்தையை அடிக்கக் கை ஓங்கினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் அந்தக் கட்டத்தை அமுக்கினாள். "போ காக்கா" என்று கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரிக்கிறாள். சத்தம் இல்லை, மூச்சு மட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த அண்ணன் ஃபோனில் இருப்பதை அழித்துவிடலாமா என்று கோயம்புத்தூர்க்காரர் கேட்டார். எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அவள் ஃபோனை வாங்கி, உங்கள் பெயர் வருகிற கட்டங்களை அழித்தாள். என்னைக் கூப்பிடுகிறதை அழித்தாள். இப்படியே வரிசையாகப் போனாள். சாப்ட வா, பல்லு தேச்சியா, சமத்து மூன்றையும் விட்டுவிட்டு, ஃபோனைக் குழந்தை கையில் கொடுத்தாள்.

இப்போது ஒரு காப்பி கார்டில், ரேஷன் கார்டு இருக்கிற டப்பாவில் இருக்கிறது. இன்னொன்று உன் மாமா வீட்டில். எனக்கென்று ஒரு மெயில் ஐடி இருக்கிறது. பாஸ்வேர்டு எனக்கும் பெரியவளுக்கும் தெரியும். பாய் இப்போது ஆளுக்கு ஒரு ஐடிதான் போடுகிறார். மறந்துவிட்டு வருகிறவர்களைத் திட்டுகிறார்.

கோபம் கட்டத்தை மாற்றிப் பதிய நம்மிடம் அவள் குரல் இல்லை. மற்றக் கட்டங்களிலிருந்து வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று கோயம்புத்தூர்க்காரர் சொன்னார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். இதை எழுத உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. மோட்டார் போட வேண்டும். அம்மா இரண்டு தரம் சிவப்புக் கட்டத்தை அமுக்கிவிட்டாள். காக்கா போகிறேன்.